எண்ணெய் லீஸ் பேப்பர் வீடு தேடி வந்தால் எதை, எங்கே பார்ப்பது

அமெரிக்காவில் நிலம் வாங்கிப் போட்டிருக்கும் நம் ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடாத விஷயம், அங்கே மண்ணுக்கடியில் கிடக்கும் எண்ணெய் பெரும்பாலும் தனியார் சொத்து என்பது. காவிரிப் படுகையில் உங்கள் வயலில் எண்ணெய் கிடைத்தால் மேல்நிலத்துக்கு ஏதோ வாடகை, பயிர் நஷ்டஈடு வரும், அவ்வளவுதான். ராயல்டி, அதாவது எடுக்கும் எண்ணெயின் மதிப்பில் உரிமையாளருக்குக் கிடைக்கும் பங்கு, அரசாங்கத்துக்கு. லூசியானா, மிசிசிப்பி பக்கம் அந்த ராயல்டியே உங்கள் கைக்கு வரலாம். "வரலாம்" என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் அங்கே மேல்நிலத்தையும் அடியில் இருப்பதையும் தனித்தனியாக விற்கலாம்.

இந்த இரண்டு மாநிலங்களிலும் பரந்து கிடக்கும் டஸ்கலூசா மரைன் ஷேல் என்ற பாறை அடுக்கையே எடுத்துக்கொள்கிறேன். புதிதாகக் கிளம்பும் எண்ணெய்ப் பகுதியில் நிலக்காரருக்கு என்னென்ன நடக்குமோ அத்தனையும் அங்கே நடந்து முடிந்திருக்கிறது.

முதல் வேலை வில்லங்கம் பார்ப்பது. மிசிசிப்பியில் யாரோ ஒருவர் எழுபது வருடத்துக்கு முன் கனிம உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு நிலத்தை மட்டும் விற்றிருந்தால், அது இன்றைக்கும் அவர் வாரிசுகளுடையதுதான். லூசியானாவில் சட்டம் வேறு. அப்படிப் பிரித்து வைத்த உரிமையை 10 வருடம் யாரும் பயன்படுத்தாமல் விட்டால் அது நிலக்காரரிடமே திரும்பிவிடும். நடுவில் ஒரு கிணறு தோண்டியிருந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அதனால் தாய்ப்பத்திரத்தோடு, பக்கத்தில் எப்போது கிணறு தோண்டினார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சரி, லேண்ட்மேன் வருகிறார். எண்ணெய்க் கம்பெனிக்காக, தோண்டி எடுக்கும் உரிமையை நிலக்காரர்களிடம் லீஸ் பிடித்துக் கொடுப்பவர். நன்றாகப் பேசுவார், பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டார், நீங்கள்தான் பாக்கி என்பார். பல நேரம் அவர் நீட்டுவது செக் கிடையாது, 30 நாளோ 60 நாளோ கழித்து மாற்றச் சொல்லும் டிராஃப்ட் (நம் ஊர் டி.டி. மாதிரி உறுதியான பணம் கிடையாது). அதற்குள் கம்பெனி உங்கள் பத்திரத்தை அலசிப் பார்த்து, மனம் மாறினால் பணம் தராமலே விட்டுவிடலாம். பணம் வந்தபின்தான் லீஸ் பத்திரத்தைப் பதிய வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் உண்மையிலேயே போட்டாரா என்பதைக் கோர்ட் பதிவேட்டில் பார்த்துவிடலாம். லூசியானாவில் பேரிஷ் (அங்கே மாவட்டத்துக்கு அதுதான் பெயர்) கிளார்க் அலுவலகம், மிசிசிப்பியில் சான்சரி கிளார்க் அலுவலகம். அங்கே பதிவது பெரும்பாலும் சுருக்கக் குறிப்புதான், போனஸ் (லீஸில் கையெழுத்துப் போடுவதற்குத் தரும் தொகை) எவ்வளவு என்று அதில் இருக்காது. ஆனால் தேதி இருக்கும், எத்தனை வருட லீஸ் என்று இருக்கும், உங்களுக்குத் தேவையும் அதுதான். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். முதலில் ஏதோ ஒரு புரோக்கர் கம்பெனி பெயரில் வாங்கிக் குவித்துவிட்டு, அப்புறம் ஒரே பத்திரத்தில் மொத்தமாகக் கை மாற்றுவார்கள். உண்மையில் தோண்டப் போவது யார் என்பது அந்த மாற்றுப் பத்திரத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது டிரில்லிங் அனுமதி. லூசியானாவுக்கு சோன்ரிஸ் என்ற அரசுத் தளம் இருக்கிறது, மிசிசிப்பிக்கு மாநில ஆயில் அண்ட் கேஸ் போர்டின் பதிவுகள். உங்கள் நிலத்தின் செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் எண்கள் பத்திரத்திலேயே இருக்கும் (ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர், அதாவது ஒரு சதுர மைல்). சோன்ரிஸில் அதை வைத்துத் தேடினால் சுற்றியுள்ள கிணறுகள் வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சீரியல் நம்பர், அனுமதி வாங்கிய தேதி, தோண்ட ஆரம்பித்த தேதி, எவ்வளவு ஆழம் போயிருக்கிறார்கள் என்பது வரைக்கும். அனுமதி வாங்கினார்கள் என்பதற்காகத் துள்ள வேண்டாம், தோண்டாமலே காலாவதியாகும் அனுமதிகள் நிறைய. ரிக் (தோண்டும் யந்திரம்) வந்து நின்றால்தான் பேச்சு.

கிணறு முடிந்ததும் கம்பெனி ஒரு எண்ணை அறிவிக்கும், ஒரு நாளைக்கு இத்தனை பேரல் என்று. அது பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தின் உச்சம், பங்குதாரர்களைக் குஷிப்படுத்தச் சொல்வது. 30 நாள் சராசரி என்ன, ஆறு மாதம் கழித்து எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். ஷேல் கிணறுகள் முதல் வருடத்திலேயே பாதிக்கு மேல் இறங்கிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிணற்றுக்காகப் பல நிலங்களை ஒன்றாகச் சேர்த்த 1,280 ஏக்கர் யூனிட்டில் உங்களுக்கு 20 ஏக்கர், ராயல்டி ஐந்தில் ஒரு பங்கு. 20-ஐ 1,280-ஆல் வகுத்து 0.20-ஆல் பெருக்கினால் 0.003125. தினம் 300 பேரல், பேரல் 60 டாலர் என்றால் உங்களுக்கு ஒரு நாளைக்கு 56 டாலர் சொச்சம், வரி பிடிப்பதற்கு முன். மோசமில்லை, ஆனால் வேலையை விடுகிற அளவுக்கும் இல்லை.

லீஸ் வாசகத்தில் எல்லாரும் போனஸுக்கும் ராயல்டிக்கும்தான் பேரம் பேசுகிறார்கள். எனக்கென்னவோ அதைவிடப் பெரியது காலக்கெடு. மூன்று வருடம் என்று போட்டு, கம்பெனி விரும்பினால் இன்னும் இரண்டு வருடம் என்று உள்ளே ஒரு வரி நுழைத்திருப்பார்கள். அந்த நீட்டிப்புக்குத் தனியாகப் பணம் உண்டா என்று பாருங்கள். உங்களிடம் 200 ஏக்கர் இருந்து, அதில் 10 ஏக்கர் மட்டும் ஒரு யூனிட்டுக்குள் போய், அங்கே எண்ணெய் வந்துகொண்டிருந்தால், மீதி 190 ஏக்கரையும் கெடு முடிந்த பிறகும் கம்பெனி பிடித்து வைத்துக்கொள்ள முடியும். இதைத் தடுப்பதற்கு 1947இல் லூசியானாவின் கிரௌலி ஊர் வக்கீல் ஒருவர் எழுதிய வாசகம்தான் அவர் பெயராலேயே பியூ கிளாஸ் என்று இன்றும் வழங்குகிறது. அது இல்லாத லீஸில் கையெழுத்துப் போடாதீர்கள். கூடவே, எண்ணெயைக் கொண்டுபோகும் செலவு, சுத்தம் செய்யும் செலவு எதையும் ராயல்டியில் கழிக்கக் கூடாது என்ற வரி. வக்கீல் ஃபீஸுக்குக் கணக்குப் பார்க்கிற இடம் இதுவல்ல, உள்ளூர் ஆயில் கேஸ் வக்கீலாகவே பிடியுங்கள்.

காலக்கெடு ஏன் பெரிது என்பதற்கு டஸ்கலூசாவே சாட்சி. 1997இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு அங்கே 700 கோடி பேரல் என்றது. 2011க்குப் பிறகு என்கானா, டெவன், குட்ரிச் என்று எண்ணெய்க் கம்பெனிகள் வரிசையாக வந்தன. 11,000 அடிக்குக் கீழே போக வேண்டும், ஒரு கிணற்றுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் ஆகும், அதனால் எண்ணெய் நல்ல விலை விற்றால்தான் கட்டுப்படியாகும் என்ற நிலை. 2014 ஜூனில் பேரலுக்கு 100 டாலரைத் தாண்டி நின்ற விலை 2015 ஜனவரியில் 50-க்குக் கீழே விழுந்தது, ரிக்குகள் கிளம்பிவிட்டன. குட்ரிச் 2016இல் திவால் மனு போட்டது, என்கானா 2017இல் தன் பங்கை ஆஸ்திரேலியாவின் ஆஸ்ட்ராலிஸிடம் விற்றுவிட்டுப் போனது. எண்ணெய் எங்கும் போகவில்லை, 2018இல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறைகூட எடுக்கக்கூடியது 150 கோடி பேரல் என்று மதிப்பிட்டது. 700 எங்கே, 150 எங்கே என்று கேட்காதீர்கள், இரண்டும் மதிப்பீடுதான்.

அதனால் ரிக்கைப் பார்க்கிற கண்ணில் ஒன்றை எண்ணெய் விலை மேல் வையுங்கள். சுற்றுவட்டாரத்தில் பெரிய கம்பெனி பிடித்த லீஸ்கள் எப்போது முடிகின்றன என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி வையுங்கள். விலையும் நன்றாக இருந்து, கெடுவும் நெருங்கினால் கம்பெனி அவசரப்பட்டுத் தோண்டும், அல்லது லீஸைப் புதுப்பிக்கக் கூடுதலாகக் கொடுக்கும், இரண்டுமே உங்கள் பேரத்துக்கு நல்லது. விலை விழுந்து கிடக்கும்போது வந்து மொத்தமாகக் கனிம உரிமையையே விலைக்குக் கேட்பவர்களிடம் உஷார். அது லீஸ் கிடையாது, கிரயம்.

உங்கள் லீஸே எண்ணெய் வராமல் முடிந்துபோனால் சும்மா விடாதீர்கள். கம்பெனிக்கு எழுத்து மூலம் கேட்டு, லீஸ் முடிந்துவிட்டது என்று எழுதித் தரும் விடுதலைப் பத்திரம் வாங்கி, அதே கிளார்க் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வரும் லேண்ட்மேன் பதிவேட்டில் பழைய லீஸைப் பார்த்துவிட்டு உங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விடுவார்.