முறிந்த பழைய பேக்கலைட் ஸ்டீல் கிட்டாரை எப்பாக்சியால் ஒட்டுவது எப்படி

மடியில் கிடத்தி வாசிக்கும் பழைய ஸ்டீல் கிட்டார்களில் அதிகம் உடைவது பேக்கலைட் (பழைய வகைக் கெட்டிப் பிளாஸ்டிக்) உடல் கொண்டவைதான். 1932-ல் விற்பனைக்கு வந்த வார்ப்பு அலுமினிய 'ஃப்ரையிங் பேன்' என்ற ஸ்டீல் கிட்டார் மேடை விளக்குச் சூட்டில் விரிந்து சுருதி நழுவியது. 1935-ல் ரிக்கன்பேக்கர் நிறுவனம் பேக்கலைட்டுக்கு மாறியதற்கு அதுவும் ஒரு காரணம். சூட்டை நன்றாகத் தாங்கும் பொருள்தான், ஆனால் கீழே விழுந்தால் கண்ணாடிபோல் முறியும். ஒருமுறை இறுகிய பேக்கலைட் மறுபடி உருகாது, அசிட்டோனிலும் கரையாது. அதனால் பிளாஸ்டிக் வெல்டிங்கோ கரைப்பான் பசையோ இதில் வேலை செய்யாது. ரெசின், ஹார்ட்னர் என்ற இரு பகுதிகளைக் கலந்து இறுகவிடும் எப்பாக்சிப் பசைதான் வழி.

எந்த எப்பாக்சி என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒட்டிய அன்றே கையால் வளைத்துப் பார்த்து, "நன்றாகப் பிடித்துவிட்டது" என்று கம்பி ஏற்றிவிடுகிறார்கள். அதிரும் கம்பியின் நீளம் 22.5 அங்குலமாக உள்ள கிட்டாரில் C6 என்ற சுருதிக்கு ஆறு கம்பிகளையும் ஏற்றினால் மொத்த இழுவிசை 70 கிலோவை நெருங்கும். அது இரவும் பகலும் விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒட்டு பட்டென்று விடுவது குறைவு. மெல்ல மெல்ல நழுவித்தான் கெடும். ஆகவே எத்தனை கிலோ தாங்கும் என்பதைவிட, சூட்டிலும் நீண்ட இழுவையிலும் நழுவாமல் நிற்குமா என்பதையே பாருங்கள்.

ஐந்து நிமிட எப்பாக்சியை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம். ஈரத்திலும் சூட்டிலும் அது சீக்கிரம் தளரும். துண்டுகளைச் சரியாகப் பொருத்துவதற்குள் கெட்டியாகவும் தொடங்கிவிடும். வேலை செய்ய 45 நிமிடமாவது விடும் மெதுவான வகையே வேண்டும். அரால்டைட் ஸ்டாண்டர்டு போதும். ஜி ஃப்ளெக்ஸ் 650 சற்று வளைந்து கொடுக்கும் என்பதால், முரட்டுத்தனமாக நொறுங்கும் பேக்கலைட்டுக்கு இன்னும் பொருத்தமானது. இரும்புத் தூள் கலந்த எப்பாக்சியைப் பிக்கப்பின் (கம்பி அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பகுதி) காந்தத்துப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

கழற்றும்போது

கம்பிகளை ஒரே மூச்சில் வெட்டிவிடாமல், ஆறையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பாதி விரிந்த விரிசல் திடீரென்று விடுபடும் இழுவையில் முழுதாக முறிந்துபோகக்கூடும். ட்யூனர்கள், மூடித் தகடுகள், பிக்கப் மூன்றையும் கழற்றி, எந்த ஸ்க்ரூ எந்தத் துளையில் இருந்தது என்று அட்டையில் குத்தி வைத்துவிடுங்கள். பழைய ஸ்க்ரூ துரு ஏறி இறுகியிருந்தால் வலுவாகத் திருகாதீர்கள். துளையின் விளிம்பு தகடுபோல் பெயர்ந்துவிடும். சாலிடர் இரும்பின் முனையை ஸ்க்ரூ தலையில் 20 விநாடி வைத்து எடுத்துவிட்டுத் திருகினால் பெரும்பாலும் அசையும்.

குதிரைலாட வடிவப் பிக்கப்பின் இரு காந்தங்களையும் தேவையில்லாமல் பிரிக்க வேண்டாம். பழைய எஃகுக் காந்தம் பிரித்து வைத்தால் வலு இழக்கும். பிரித்தே ஆக வேண்டுமென்றால், துருவங்களுக்குக் குறுக்கே ஒரு மெல்லிரும்புப் பட்டையை உடனே வைத்துவிடுங்கள். உரசல் வேலை நடக்கும் மேசையிலும் அதை வைக்கக் கூடாது. இரும்புத் துகள் போய் ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு.

உடைந்து உதிர்ந்த சில்லுகள் எல்லாவற்றையும் பொறுக்கி வையுங்கள், அரிசி அளவு துண்டாக இருந்தாலும் சரி. அவை திரும்ப உட்கார்ந்தால் நிறம் பொருத்தும் வேலையில் பாதி குறையும்.

முறிவு முகத்தைச் சுத்தம் செய்தல்

முறிந்த முகத்தை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். இரண்டு முகத்தின் மேடு பள்ளங்களும் ஒன்றுக்குள் ஒன்று கவ்வுகின்றன. அந்தக் கவ்வல்தான் துண்டைச் சரியான இடத்தில் நிறுத்துகிறது. தேய்த்தால் அது போய்விடும், பிறகு நெக் எங்கே நிற்க வேண்டும் என்று ஊகிக்கத்தான் வேண்டும்.

99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலையும் மென்மையான பல்துலக்கும் தூரிகையையும் கொண்டு இருமுறை கழுவுங்கள். முதல் முறை அழுக்கைக் கரைக்கும். இரண்டாம் முறை புதிய ஆல்கஹாலும் புதிய துணியும் வேண்டும். இல்லாவிட்டால் கரைந்த எண்ணெயை மறுபடி பூசியதாகவே முடியும். பழைய கருவிகளில் பல வருடம் தேய்த்த மெருகெண்ணெயும் சிலிக்கோன் பாலிஷும் விரிசலுக்குள் ஊறியிருக்கும், எப்பாக்சி பிடிக்காமல் போவதற்கு முதல் காரணம் இதுதான். கழுவியதும் ஒரு இரவு காயவிடுங்கள். பேக்கலைட் அசிட்டோனைத் தாங்கினாலும், முத்துப்போல் மின்னும் செல்லுலாய்டு உறை கொண்ட கிட்டார்களில் ஒரு சொட்டு பட்டாலே உறை குழைந்துவிடும். ஆகவே ஆல்கஹாலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

யாரோ முன்பு ஒட்டிய பசை இருந்தால் அதன்மேல் ஒட்டாதீர்கள். சூப்பர் க்ளூவானால் பஞ்சில் அசிட்டோன் நனைத்து அந்த இடத்தில் மட்டும் வைத்தால் குழையும். பழைய எப்பாக்சியானால் வெந்நீரில் சூடேறிய கத்தி நுனியால் இழை இழையாகச் சுரண்ட வேண்டியதுதான். ஹாட் ஏர் கன் வேண்டாம். ஓரிடம் மட்டும் சூடேறினால் பேக்கலைட் புதிதாக விரியும்.

பசையில்லாமல் ஒருமுறை

பசை தொடுமுன் முழு வேலையையும் ஒத்திகை பாருங்கள். கிட்டாரைத் தட்டையான பலகையில் கவிழ்க்காமல் வைத்து, முறிவைப் பொருத்தி, க்ளாம்ப் போட்டு, மூன்று அளவுகளைச் சரிபாருங்கள். நட்டிலிருந்து (தலைப்பக்கத்தில் கம்பிகள் தங்கும் கட்டை) 12-வது ஃப்ரெட்டுக்கு 285.75 மி.மீ., அங்கிருந்து பிரிட்ஜுக்கும் அதே 285.75 மி.மீ. (22.5 அங்குல அளவுக்கு) இருக்க வேண்டும். 60 செ.மீ. எஃகு அளவுகோலை ஃப்ரெட்டுகளின் மேல் நிறுத்தினால் நடுவில் வெளிச்சம் தெரியக்கூடாது. இரு ஓரக் கம்பிகளின் இடத்தில் நூல் பிடித்துப் பார்த்தால், அவை நெக் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் போக வேண்டும். இந்த ரிக்கன்பேக்கர்களில் ஃப்ரெட் கோடுகள் பேக்கலைட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டவை. தவறாக ஒட்டினால் பிறகு நகர்த்த இடமே இல்லை.

உருளையான நெக்கில் க்ளாம்ப் நிற்காது, நழுவும். சைக்கிள் ட்யூபை 20 மி.மீ. பட்டையாக வெட்டி இறுகச் சுற்றுவதே நல்ல க்ளாம்ப். அழுத்தம் ஒரே சீராக விழும், வெளியே வழியும் பசையும் ஒட்டாது. மரத்துக்குப் போடும் அழுத்தத்தை எப்பாக்சிக்குப் போடக் கூடாது. பசை முழுக்கப் பிதுங்கி வெளியேறிவிட்டால் மூட்டு வறண்டு பலமிழக்கும். முகங்கள் தொட்டு, விளிம்பு முழுக்க மெல்லிய கோடாகப் பசை தெரிந்தால் போதும்.

கலத்தல்

நைட்ரைல் கையுறை அணியுங்கள். ஹார்ட்னர் திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் ஒவ்வாமை வரும், வந்தபின் அது போகாது. கையில் பட்டுவிட்டால் கரைப்பானால் துடைக்காமல் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள்.

நெக் முறிவு ஒன்றுக்கு 6 முதல் 8 கிராம் தாராளம். 0.1 கிராம் காட்டும் தராசு வைத்திருங்கள். ஆனால் டப்பாவில் போட்டிருக்கும் விகிதம் பருமனுக்கா எடைக்கா என்று முதலில் பாருங்கள். ஜி ஃப்ளெக்ஸ் 650 பருமனில் 1:1, எடையிலோ ரெசின் 1.2-க்கு ஹார்ட்னர் 1. இதைக் குழப்பினால் பசை பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். 'கொஞ்சம் ஹார்ட்னர் கூடப் போட்டால் சீக்கிரம் இறுகும்' என்பதும் தவறு. மிஞ்சும் ஹார்ட்னர் சேர ரெசின் கிடைக்காமல் உள்ளேயே கிடந்து மூட்டை மென்மையாக்கும்.

இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்குங்கள், ஓரத்தையும் அடியையும் வழித்துக்கொண்டே. பிறகு வேறொரு கிண்ணத்துக்கு மாற்றி இன்னும் ஒரு நிமிடம். முதல் கிண்ணத்தின் சுவரில் கலக்காமல் ஒட்டியிருக்கும் படலம் மூட்டுக்குள் போகாமல் இருக்கவே இந்த இரண்டாம் கிண்ணம். கலந்ததை ஓடு அல்லது கண்ணாடித் தட்டில் பரப்பி வைத்தால் நேரம் நீளும். குவியலாக விட்டால் தன் சூட்டிலேயே விரைவாக இறுகும். அறை 22 முதல் 27 டிகிரிக்குள் இருக்கட்டும். பத்து டிகிரி ஏறினால் நேரம் ஏறத்தாழ பாதியாகும்.

கறுப்பு பேக்கலைட்டுக்கு நிறம் சேர்க்க உலர்ந்த கார்பன் கறுப்புத் தூள் எடைக்கு 3 சதவீதம் போதும். தண்ணீர் சேர்ந்த பெயிண்ட்டை எப்பாக்சியில் விடவே கூடாது.

ஒட்டுதல்

துண்டுகளை 35 முதல் 40 டிகிரிக்குச் சற்றுச் சூடாக்கிக்கொள்ளுங்கள், கையில் வெதுவெதுப்பாகத் தெரியுமளவு. இரு முகத்திலும் மெல்லப் பூசி, தூரிகை முனையால் குத்திக் குத்தித் தேய்த்து ஊறவிடுங்கள். பொருத்தி, ட்யூப் பட்டையைச் சுற்றி, ஒத்திகையில் எடுத்த மூன்று அளவையும் மறுபடி பாருங்கள். இது அலுப்பான வேலை, ஆனால் விடக்கூடாது.

முழுதாகப் பிரியாத விரிசலுக்கு வேறு வழி. விரிசலின் நுனியில் 1 மி.மீ. துளையிட்டால் அது மேலும் ஓடாமல் நிற்கும். உடலைச் சூடாக்கி, விரிசல் வாயில் நிறம் சேர்க்காத எப்பாக்சியை வழியவிட்டு ஆறவிடுங்கள். உள்ளேயிருக்கும் காற்று சுருங்கும்போது பசையையும் இழுத்துக்கொள்ளும். மறுபக்கத்தில் பசை தலைகாட்டும்வரை இரண்டு மூன்று தடவை ஊற்றுங்கள். மறுபக்கம் தெரியாமல் மேலே மட்டும் மூடினால் அது வெறும் பூச்சுதான்.

மூன்று நான்கு மணி நேரம் கழித்துப் பசை ரப்பர்போல் ஆகும். வழிந்ததை அந்த நேரத்தில் பிளேடால் சீவினால் வெண்ணெய்போல் வரும். மறுநாள்வரை விட்டால் உரசித்தான் எடுக்க வேண்டும், பக்கத்துப் பளபளப்பும் போகும்.

நெக் முழுதாக முறிந்திருந்தால்

வெறும் பசையை நம்பாதீர்கள். கம்பிகளின் இழுவை நெக்கின் மேல்பக்கத்தை அழுத்தும், அடிப்பக்கத்தை விரிக்கும். ஆகவே வலு தேவைப்படுவது அடியில். மூட்டு 24 மணி நேரம் இறுகியபின், முறிவைக் குறுக்கே கடக்குமாறு அடிப்பக்கத்தில் 80 மி.மீ. நீளம், 3.2 மி.மீ. அகலம், 4 மி.மீ. ஆழத்துக்கு இரண்டு காடிகள் வெட்டி, 3 மி.மீ. கார்பன் கம்பிகளை எப்பாக்சியில் பதியுங்கள். முதலில் நெக்கின் தடிமனை வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். மேல்தோலுக்குக் குறைந்தது 6 மி.மீ. மிஞ்ச வேண்டும், இல்லையென்றால் ஆழத்தைக் குறைத்து 2 மி.மீ. கம்பி போடுங்கள். முறிவு முகங்களில் துளையிட்டு, வலுவூட்டும் கம்பியை முதலிலேயே செருகி ஒட்டும் முறையும் உண்டு. ஆனால் அதில் துளைகள் ஒரு மயிரிழை விலகினாலும் முகங்கள் கவ்வாது. ஒட்டிவிட்டுக் காடி வெட்டினால் முறிவே நெக்கை நேராக நிறுத்திவிடுகிறது, அதனால் இதுவே மேல்.

வெட்டும்போது பறக்கும் தூசியை அலட்சியம் செய்யாதீர்கள். பழைய பேக்கலைட் கலவைகள் சிலவற்றில் மரத்தூளுக்குப் பதில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்த்திருக்கிறார்கள், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நுண்தூசியை வடிகட்டும் P100 முகமூடி அணிந்து, இடத்தை ஈரமாக வைத்தே வெட்டுங்கள், உரசுங்கள். சேற்றை ஈரம் காயுமுன் துடைத்து எடுத்துவிடுங்கள்.

பிய்ந்துபோன ஸ்க்ரூ துளைகளுக்கு: துளையைச் சுத்தம் செய்து, ஃப்யூம்டு சிலிக்கா சேர்த்துக் கெட்டியாக்கிய எப்பாக்சியை நிரப்புங்கள். ஸ்க்ரூவில் மெழுகு நன்றாகத் தடவி நேராக நிறுத்துங்கள். இறுகியபின் திருகி எடுத்தால் மரை அப்படியே வார்ந்திருக்கும். பேக்கலைட்டில் நேரடியாக மரை வெட்டும் ஸ்க்ரூவைப் போட்டால் விரிசல் அங்கிருந்தே பிறக்கும்.

சூட்டில் இறுக்குதல்

அறை வெப்பத்தில் இறுகிய எப்பாக்சி பெரும்பாலும் 50, 60 டிகிரியிலேயே மென்மையாகத் தொடங்கும். வெயிலில் மூடிக் கிடக்கும் கறுப்புப் பெட்டிக்குள் அந்தச் சூடு சாதாரணம். அதனால் 24 மணி நேரம் கழித்து, பிக்கப் இல்லாமல், அட்டைப் பெட்டிக்குள் பழைய குண்டு பல்பையும் வெப்பமானியையும் வைத்து 45 டிகிரியில் நான்கு மணி நேரம் வையுங்கள். பல்பு அட்டையையோ கிட்டாரையோ தொடாதபடி வைத்து, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். சூட்டை ஒரு மணி நேரத்தில் மெல்ல ஏற்றி, பெட்டிக்குள்ளேயே ஆறவிடுங்கள். மூட்டின் சூடு தாங்கும் எல்லை இதனால் உயரும்.

உரசலுக்கு ஈரத்தில் 400, 600, 1000, 2000 எண் உப்புத்தாள் என்று ஏறுங்கள், கடைசியில் பிளாஸ்டிக் பாலிஷ். வார்ப்பு ஃப்ரெட்டுகளின் மேல் டேப் ஒட்டி மறைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் கழிந்தபின் கம்பி ஏற்றலாம். முறிவுக்குக் குறுக்கே இரண்டு சிறு டேப் துண்டுகளை ஒட்டி, வெர்னியர் முனையால் 50.0 மி.மீ. இடைவெளியில் கோடு போடுங்கள். முதல் நாள் பாதி இழுவை. மறுநாள் இடைவெளி மாறவில்லையென்றால் முழுச் சுருதி. மூன்று நாள் கழித்து மறுபடி அளக்க வேண்டும். 0.2 மி.மீ. நகர்ந்திருந்தாலும் கம்பியைத் தளர்த்தி, மூட்டைத் திரும்பப் பாருங்கள். அது தானாக நின்றுவிடாது.

மர உடல் கொண்ட ஸ்டீல் கிட்டாரில் சுத்தமான முறிவுக்கு எப்பாக்சியைவிட விலங்குப் பசையோ மஞ்சள் மரப்பசையோ நல்லது. இழைகள் காணாமல் போன இடத்தில்தான் எப்பாக்சி. அலுமினியத்தில் ஒட்டும்போது உரசியவுடனேயே ஆக்சைடு படரும் என்பதால், பசையைப் பூசிவிட்டு அந்த ஈரத்திலேயே உப்புத்தாளால் இன்னொருமுறை தேய்த்துவிட்டுப் பொருத்துங்கள். பித்தளை உடல் ரெசொனேட்டர் கிட்டார்களில் (உள்ளே உலோகக் கூம்பு வைத்து ஒலியைப் பெருக்குபவை) தகடுகள் சேரும் தையல் விட்டிருந்தால் எப்பாக்சியைத் தொடாதீர்கள். அது ஈயப்பற்று வேலை. எப்பாக்சி பட்ட இடத்தில் பின்னால் ஈயம் ஒட்டவே ஒட்டாது.