நண்பர் எடுத்த படத்தைப் பற்றி எப்படிக் கருத்துச் சொல்வது?

யாராவது படத்தைக் காட்டினால் "சூப்பர்" என்று சொல்லிவிட்டு நகர்வது நம் ஆட்களுக்குப் பழகிப்போய்விட்டது. விடியுமுன் எழும்பி, இலங்கை மலையகத்தில் ஹப்புத்தளைப் பக்கத்து மலையுச்சியான லிப்டன் சீட் வரை ஏறி, கை விறைக்கிற குளிரில் நின்று ஒருத்தர் எடுத்த படம் அது. எது நன்றாக வந்திருக்கிறது, எது வரவில்லை என்று யாராவது விளக்கமாகச் சொன்னால்தான் அடுத்த தடவை அவருக்கு உதவும்.

முதலில் ஒன்றும் பேசாமல் பாருங்கள். போனில் வந்த படமென்றால் பெரிதாக்கி நாலு மூலையையும் பாருங்கள். கண் முதலில் எங்கே போகிறது, அப்புறம் எங்கே நிற்கிறது, ஓரத்தில் எதாவது இழுக்கிறதா என்று கவனியுங்கள். பிடித்ததா இல்லையா என்பதைப் பிறகு யோசிக்கலாம்.

பாராட்டு என்றால் இன்ன இடம் என்று காட்டிச் சொல்ல வேண்டும். தெமோதரையில் ரயில் போகிற ஒன்பது வளைவுப் பாலத்தை எத்தனையோ பேர் எடுத்துவிட்டார்கள், அதில் "அழகா இருக்கு தம்பி" என்றால் அது பாலத்துக்குச் சொன்னது. "எஞ்சின் நிழலை விட்டு வெயிலுக்கு வருகிற நேரம் பார்த்து அமுக்கியிருக்கீங்க" என்றால்தான் அவருக்குச் சொன்னது.

குறையும் அப்படித்தான். மலையகப் படங்களில் அடிக்கடி வருகிற ஒன்று, மூட்டம் அழுக்குச் சாம்பலாகத் தெரிவது. கேமராவுக்குள் ஒளியை அளக்கிற மீட்டர் எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணித்தான் அளக்கும், அதனால் வெள்ளை மூட்டத்தை இருட்டாக்கிவிடும். "படம் டல்" என்று சொன்னால் மனசுதான் நோகும். "எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் கூட்டி எடுத்துப் பாருங்க அண்ணே, வெள்ளை முழுசா வெளுத்துப் போகாமல் ஹிஸ்டோகிராமையும் பார்த்துக்கங்க" (எக்ஸ்போஷர் என்பது படத்தில் பதிகிற வெளிச்சம், ஒரு ஸ்டாப் கூட்டினால் அது இரட்டிப்பாகும், ஹிஸ்டோகிராம் என்பது இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று கேமரா காட்டுகிற வரைபடம்) என்றால் நாளைக்கே அவர் செய்து பார்ப்பார். புதிதாகக் கேமரா பிடித்தவருக்கு இப்படி ஒரு குறை போதும்.

குறை என்று முடிவு கட்டுமுன் என்ன நினைத்து எடுத்தார் என்று கேளுங்கள். பொகவந்தலாவை தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன், 1875இல் இங்கிலாந்திலிருந்து இலங்கைக்கு வந்து 1879இல் திக்கோயாவில் இறந்தவர். அவர் படங்களில் ஃபோகஸ் சரியில்லை, வேலை சுத்தமில்லை என்று அந்தக் காலத்து விமர்சகர்கள் திட்டினார்கள். அந்த மென்மையை அவர் வேண்டுமென்றேதான் வைத்திருந்தார், இன்று அவரைக் கொண்டாடுவதும் அதற்காகவே. அதே மாதிரி டெவன் நீர்வீழ்ச்சியை ஒருத்தர் பட்டுத்துணி போல எடுத்திருந்தால், ஷட்டரை மெதுவாக வைத்தது விரும்பித்தானா என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

தேயிலைக் கொழுந்து பறிக்கிற அம்மாமாரின் படங்களில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாக இருப்பேன். நிறம், ஒளி எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் மலையின் பச்சைக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளியாக மட்டும் அவரை வைத்திருப்பார்கள், இல்லையென்றால் கூடையைக் கொடுத்துச் சிரிக்கச் சொல்லியிருப்பார்கள். நிறையத் தோட்டங்களில் இப்போது முதுகில் தொங்குவது பைதான். இப்படிப் படம் வந்தால் கேளுங்கள்: அவரிடம் கேட்டுத்தான் எடுத்தீங்களா? பெயர் தெரியுமா? படத்தை அவருக்குக் காட்டினீங்களா? இது நாகரிகம் பற்றிய கேள்வி மட்டும் இல்லை, படத்தின் தரமும் இதில்தான் இருக்கிறது. பேசிப் பழகிய பிறகு எடுத்த படத்தில், சாறு கறுத்துப் படிந்த விரல்களும், இடுப்பில் இறுக்கிக் கட்டிய படங்குத் துணியும், மழைக்குச் சுருங்கிய கண்ணும் தானாக வந்து நிற்கும். தள்ளி நின்று ஜூம் பண்ணினால் அது வராது. இதை எடுத்தவரிடம் தனியாக, பொறுமையாகச் சொல்லுங்கள், எல்லார் முன்னாலும் சொன்னால் காதில் ஏறாது.

இன்னொன்று, அவர் படத்தை நீங்களே க்ராப் பண்ணி, நிறம் மாற்றி "இப்படி இருந்தா நல்லா இருக்கும்" என்று அனுப்புவதாக இருந்தால், முதலில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.