கறுத்த காசைத் தேய்ப்பதற்கு முன்

எங்கள் வீட்டில் வெள்ளி கறுத்தால் விபூதிதான். குத்துவிளக்கு, குங்குமச் சிமிழ், பஞ்சபாத்திரம் எல்லாவற்றுக்கும் அதே வைத்தியம். போகியன்று பாட்டி திண்ணையில் உட்கார்ந்து தேய்த்தால் சாயங்காலத்துக்குள் எல்லாம் கண்ணைப் பறிக்கும். அந்தப் பழக்கத்தில்தான், அவர் சுருக்குப்பையிலிருந்து எனக்கு வந்த 1862 விக்டோரியா ரூபாயையும் தேய்த்தேன். விபூதி போதவில்லை என்று பற்பசையும் போட்டேன். அப்புறம் தஞ்சாவூரில் பழைய காசு வாங்கும் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை சாய்த்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தராசில் வைத்தார். வெள்ளி விலைதான் கிடைக்கும் என்று அப்போதே புரிந்துவிட்டது.

விளக்குக்குச் சரியான வைத்தியம் காசுக்கு ஏன் ஆகாது? அச்சு ஓங்கி இறங்கும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிகிறது. அந்த ஓட்டத்தின் நுண்ணிய கோடுகள் முகப்பில் தங்கிவிடும். புதுக்காசைச் சாய்த்தால் சக்கரம் போலச் சுழன்று வரும் மினுமினுப்பு அந்தக் கோடுகள் தருவது. ஒருமுறை தேய்த்தால் அவை போய்விடும், எந்தப் பத்தராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. தேய்த்த காசும் பளபளக்கும்தான், ஆனால் அது பாத்திரப் பளபளப்பு. இன்னொரு நஷ்டமும் உண்டு. 1862 என்று பொறித்த ரூபாயை 1874 வரைக்கும் அடித்திருக்கிறார்கள். பம்பாய் அக்கசாலை, அதாவது நாணயம் அடிக்கும் ஆலை, அடித்த காசுகளில் உண்மையான ஆண்டைக் கண்டுபிடிக்கப் பின்பக்கத்துச் சிறுபுள்ளிகள்தான் தடயம். என் பற்பசை அதையும் மழுக்கியிருந்தது.

கறுப்பு என்பது அழுக்கு இல்லை, இதை மனதில் வாங்கிக்கொண்டாலே பாதித் தவறு குறைந்துவிடும். காற்றில் உள்ள கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆகிறது. அந்தப் படலம் மெலிதாக இருக்கும்வரை, மழைத்தண்ணீரில் சிந்திய பெட்ரோல் மாதிரி நிறம் காட்டும். முதலில் இளமஞ்சள், பிறகு செம்பழுப்பு, ஊதா, நீலம். தடித்துக்கொண்டே போனால் கடைசியில் கறுப்பு. சேகரிப்பவர்கள் டோனிங் என்று சொல்வது இதைத்தான். படலத்தில் இருப்பது காசின் சொந்த வெள்ளி. படலத்தை எடுத்தால் அந்த வெள்ளியும் கூடவே போகும்.

அதனால்தான் கடையில் விற்கும் வெள்ளி டிப் திரவமும் ஆபத்து. ஒரு நொடியில் வெளுத்துவிடும், பார்க்கச் சந்தோஷமாகக்கூட இருக்கும். இரண்டு மூன்று தடவை முக்கினால் காசு சுண்ணாம்பு அடித்த சுவர் போல உயிரில்லாமல் போகும். சமையல் சோடாவும் அலுமினியத் தாளும் போட்டு வெந்நீரில் வைப்பது உரசல் இல்லாத முறை என்று பலர் நம்புகிறார்கள். அதில் கந்தகம் அலுமினியத்துக்குப் போகிறது, வெள்ளி திரும்புகிறது. ஆனால் பழைய ஒழுங்கில் உட்காராது. பாத்திரத்துக்கு நல்ல முறை, அவ்வளவுதான்.

ஒரு புள்ளியைப் பார்த்தால் நான் இப்போது கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: இது வெள்ளியின் மேல் உட்கார்ந்திருக்கிறதா, வெள்ளியே மாறிவிட்டதா?

மேலே உட்கார்ந்திருப்பவை நம் வீடுகளில் அதிகம். தீபாவளி லட்சுமி பூஜையில் வைத்த காசில் எண்ணெயும் குங்குமமும் ஒட்டியிருக்கும். ஒட்டுநாடாவின் பசை இருக்கும். மெத்தென்ற பிளாஸ்டிக் ஆல்பத்தில் வைத்த காசில் பிசுபிசுப்பாகப் பச்சை ஏறியிருக்கும். இதில் அவசரப்பட வேண்டியது கடைசியாகச் சொன்ன பச்சைக்கு மட்டும். அது பிவிசி பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்தது. விட்டுவைத்தால் உலோகத்தை அரிக்கும். சுத்தமான அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, காசை ஊறவைத்து எடுத்தால் பசையும் எண்ணெயும் ஆரம்பநிலைப் பச்சையும் கரைந்துவிடும், டோனிங்கைத் தொடாது. நகப்பூச்சு நீக்கும் திரவம் இதற்கு ஆகாது, அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்; அடுப்பும் விளக்கும் பக்கத்தில் எரியக் கூடாது, அசிட்டோன் குப்பென்று பற்றிக்கொள்ளும். கடைசியில் காய்ச்சி வடித்த நீரில் அலசி, பஞ்சுத் துணியில் ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புத்தண்ணீர் என்றால் நினைத்தும் பார்க்க வேண்டாம்.

வெள்ளியே மாறிவிட்ட புள்ளிகளை எதுவும் செய்ய முடியாது. குண்டூசித் தலை போன்ற கறுப்புப் புள்ளி பல நேரம் யாரோ காசுக்கு நேரே பேசியபோது தெறித்த எச்சில். கும்பகோணம் வெற்றிலையை மென்றுகொண்டே காசு பார்க்கும் பெரியவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கைரேகையும் அப்படித்தான்: இன்று தெரியாது, சில மாதம் கழித்துப் பழுப்பாக எழும்பி வரும். காசை விளிம்பில் பிடிக்க வேண்டும் என்பது அதற்காகத்தான். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து உறவுக்காரர்கள் கொண்டுவரும் புது வெள்ளிக்காசுகளில், குறிப்பாகக் கனடாவின் மேப்பிள் லீஃபில், பால் தெளித்தது போல வெண்புள்ளி வரும். அசிட்டோனுக்கு அது அசையாது. உங்கள் வீட்டில் வைத்த குறை என்று நினைக்காதீர்கள். தயாரிப்பிலிருந்தே வரும் சிக்கல் அது. அதைத் தடுக்கவே 2018இல் கனடா அக்கசாலை மின்ட்ஷீல்டு என்ற முறையைக் கொண்டுவந்தது.

நம் ஊர்க் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வயலெல்லாம் தண்ணீர், சுவரெல்லாம் ஈரம். தேங்கிய சாக்கடையிலிருந்தும் அழுகும் வைக்கோலிலிருந்தும் வரும் வாயுவில் கந்தகம் உண்டு. கடலோரத்தில் உப்பும் சேர்ந்துகொள்ளும். 2018 நவம்பரில் கஜா புயலடித்தபோது எங்கள் ஓட்டுக்கூரை ஒழுகி டிரங்குப்பெட்டி நனைந்தது. செய்தித்தாளில் மடித்து ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்த ஜார்ஜ் மன்னர் காலத்துக் காசுகள் கரி மாதிரி ஆகிவிட்டன, பேண்டு பட்ட இடத்தில் அழுத்தமாக ஒரு கோடு. ரப்பரிலும் கந்தகம், மலிவான தாளிலும் அட்டையிலும் கந்தகம். அதிலும் 1940 முதல் 1945 வரைக்குமான ஆறாம் ஜார்ஜ் ரூபாய்தான் மோசம். அதற்கு முந்தைய ரூபாயில் வெள்ளி 91.7 சதவீதம், இதில் 50 சதவீதமே. 40 சதவீதம் செம்பு. ஈரம் பட்டால் களிம்பு பிடிக்காமல் என்ன செய்யும்?

இப்போது மைலார் என்ற பிவிசி இல்லாத தெளிவான பிளாஸ்டிக் தாளில் ஜன்னல் வைத்த அட்டைகளிலும் கெட்டியான அக்ரிலிக் டப்பாக்களிலும் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடுகிறேன். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்றிவிடுவேன். சமையலறை, பூஜையறை அலமாரிகளில் வைப்பதில்லை. ஆல்பம் வாங்கும்போது முகர்ந்து பாருங்கள்: புது ரெயின்கோட் வாசனை வந்தால் அது பிவிசி.

வாங்கும்போது செய்யும் தவறு வேறு மாதிரி. வானவில் நிறக் காசுக்கு விலை அதிகம் என்று தெரிந்ததும், சூடு காட்டியும் கந்தகப் புகையில் வைத்தும் நிறம் ஏற்றி விற்கிறார்கள். காலம் ஏற்றிய நிறம் பெரும்பாலும் விளிம்பில் ஆரம்பித்து ஒன்றுக்குள் ஒன்றாகக் கரைந்து உள்ளே வரும், அதன் அடியில் மினுமினுப்பு தெரியும். ராணியின் கன்னமே தேய்ந்துபோன ஒரு காசில் மயில்நீலமும் ஊதாவும் திட்டுத் திட்டாக ஜொலித்தால் நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கீறலின் உள்ளேயும் அதே நிறம் புகுந்திருந்தால், கீறலுக்குப் பிறகு வந்த நிறம் அது. பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக 2010 என்று பொறித்து வெளிவந்த 1000 ரூபாய்க் காசு 35 கிராம், 80 சதவீத வெள்ளி. அது லேசாக மஞ்சளாகியிருந்தால் பயப்படாதீர்கள். பளிச்சென்று வெள்ளையாக இருந்தால்தான் யாராவது கழுவினார்களா என்று நான் சாய்த்துப் பார்ப்பேன்.

பாட்டியின் விக்டோரியா ரூபாயை அந்தக் கடையில் விற்கவில்லை. இத்தனை வருடத்தில் அதற்கு மறுபடியும் நிறம் ஏற ஆரம்பித்திருக்கிறது. ஒரே சீராக இல்லை. விபூதி கீறிய கோடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பழுப்பேறி, நான் எந்தத் திசையில் தேய்த்தேன் என்பது இப்போது முன்பைவிட நன்றாகத் தெரிகிறது.