நட்சத்திர வீரர் வம்பில் மாட்டினால் கிளப்புகள் செய்யும் தவறுகள்

2022 பிப்ரவரி 7. இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப் வெஸ்ட் ஹாமின் தடுப்பாட்டக்காரர் கர்ட் ஸூமா தன் வீட்டுச் சமையலறையில் பூனையை உதைக்கும் வீடியோ வெளியே வந்தது. எடுத்தது அவருடைய தம்பி. மறுநாள் இரவே வாட்ஃபோர்டுடன் சொந்த மைதானத்தில் ஆட்டம். மேனேஜர் டேவிட் மோயஸ் முதல் பதினொருவரில் ஸூமா பெயரையும் சேர்த்தார். பந்து அவர் காலுக்குப் போன போதெல்லாம் அரங்கம் கூச்சலிட்டது, அதில் வெஸ்ட் ஹாம் ரசிகர்களும் சேர்த்தி. ஏன் ஆடவிட்டீர்கள் என்று கேட்டார்கள். அணியின் நல்ல ஆட்டக்காரர்களில் அவர் ஒருவர் என்றார் மோயஸ். 1-0 என்று ஜெயித்தும் விட்டார்கள். அடுத்த நாளே வைட்டாலிட்டி காப்பீட்டு நிறுவனம் கிளப்புடனான ஸ்பான்சர் ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது, அடிடாஸ் ஸூமாவைக் கைவிட்டது.

இங்கிலாந்துக் கிளப்புகள் சறுக்குகிற இடம் பெரும்பாலும் இதுதான். ஆள் செய்தது என்ன, அவருக்கு என்ன பிரச்சினை என்று பார்ப்பதற்கு முன்பே, சனிக்கிழமை ஆடுவாரா என்ற கேள்வி வந்துவிடுகிறது. அதற்குப் பதில் தேடும் அவசரத்தில் மற்ற முடிவுகள் எல்லாம் கோணலாகின்றன. ஸூமாவை இரண்டு ஆட்டங்களுக்கு வெளியே உட்கார வைத்திருந்தால் குடி முழுகிப் போயிருக்காது. விசாரணை முடியும்வரை சம்பளத்தோடு ஒதுக்கி வைப்பது தண்டனை ஆகாது. எந்த அலுவலகத்திலும் நடப்பதுதான்.

அபராதம் போட்டால் போதும் என்று நினைப்பது

ஸூமாவுக்கு இரண்டு வாரச் சம்பளம், அதாவது 2,50,000 பவுண்டு, அபராதம். பணம் விலங்கு நல அமைப்புகளுக்குப் போனது. கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கின் ஒப்பந்தப்படி முதல் தவறுக்கு, வீரர்கள் சங்கம் சம்மதித்தால் ஒழிய, இரண்டு வாரச் சம்பளத்துக்கு மேல் போக முடியாது. வீட்டில் மிருகவதை, பயிற்சிக்குத் தாமதம், நள்ளிரவில் மதுக்கூடத்தில் அடிதடி என்று என்ன நடந்தாலும் கிளப்பின் கையில் இருக்கும் பிரம்பு ஒரே நீளம்தான். பத்திரிகைக்குச் செய்தி கிடைக்கும், கோப்பு மூடப்படும், ஆளுக்குள் எதுவும் மாறியிருக்காது. ஜூன் மாதம் நீதிமன்றம் கொடுத்த 180 மணி நேரச் சமூகப் பணியும், ஐந்து ஆண்டுகளுக்குப் பூனை வளர்க்கத் தடையும்தான் செய்த செயலோடு சம்பந்தப்பட்ட தண்டனை என்று எனக்குப் படுகிறது.

நோயையும் குற்றத்தையும் ஒரே கணக்கில் எழுதுவது

இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம், ஏனென்றால் கிளப்புகள் இரண்டு பக்கமும் வழுக்கி விழுந்திருக்கின்றன.

செல்சீ 2003இல் இத்தாலியக் கிளப் பார்மாவிடமிருந்து ருமேனிய முன்கள வீரர் ஏட்ரியன் முட்டுவைப் பெரிய விலை கொடுத்து வாங்கியது. மறு ஆண்டு இலையுதிர் காலத்தில் கோகெய்ன் சோதனையில் மாட்டினார். அந்த அக்டோபரிலேயே கிளப் அவரை வேலையை விட்டு நீக்கியது. ஏழு மாதத் தடை. அத்தோடு விட்டார்களா என்றால் இல்லை. போட்ட முதலைத் திருப்பிக் கொடு என்று வழக்குப் போட்டார்கள். 2008இல் ஃபிஃபா சுமார் 1.7 கோடி யூரோ இழப்பீடு கட்டச் சொன்னது, மறு ஆண்டு விளையாட்டு நடுவர் மன்றமும் அதை உறுதி செய்தது. ஒப்பந்தச் சட்டப்படி செல்சீ பக்கம் நியாயம் இருக்கலாம். ஆனால் போதைப்பொருளில் சிக்கிய 25 வயதுப் பையனை, பழுதாகி வந்த சரக்கைப் போலக் கடைக்கே திருப்பி அனுப்பியது இன்றைக்கும் உறுத்துகிறது. முட்டு இத்தாலியில் போய் நன்றாகவே ஆடினார். 2010இல் அங்கே இன்னொரு ஊக்கமருந்து சோதனையிலும் மாட்டினார்.

ஆர்சனல் விழுந்தது மறு பக்கம். கேப்டன் டோனி ஆடம்ஸ் 1990இல் குடித்துவிட்டு வண்டியோட்டி விபத்து செய்தார். டிசம்பரில் நான்கு மாதச் சிறை, அதில் பாதி கழிந்ததும் வெளியே விட்டார்கள். பிப்ரவரியில் திரும்பி வந்தவருக்கு ரசிகர்கள் பெரிய வரவேற்பு கொடுத்தார்கள், கேப்டன் பட்டை பத்திரமாக இருந்தது, அந்தப் பருவம் லீக் சாம்பியன் பட்டமும் வந்தது. எல்லாம் சுபம்! ஆனால் மன்னித்தவர்கள் யாரும் குடிக்கு மருந்து பார்க்கவில்லை. கூடி உட்கார்ந்து குடிப்பதுதான் அணி ஒற்றுமை என்று அன்றைய கிளப் நம்பிக்கொண்டிருந்தது. தான் குடிநோயாளி என்று ஆடம்ஸ் சக வீரர்கள் முன் வாய்விட்டுச் சொல்ல 1996 செப்டம்பர் ஆயிற்று. இடையில் அவரைக் காப்பாற்றியதாக நினைத்தவர்கள் உண்மையில் நோய்க்குத்தான் ஐந்தரை ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள்.

அதே ஆர்சனலில் பால் மெர்சன் 1994 நவம்பரில் மது, கோகெய்ன், சூதாட்டம் மூன்றையும் ஒப்புக்கொண்டபோது சிகிச்சைக்கு அனுப்பினார்கள், மறு பிப்ரவரியில் ஆட விட்டார்கள். சூதாட்டம் அவரை அப்புறமும் பல ஆண்டு விடவில்லை என்று அவரே பேசியிருக்கிறார். சில மாத மறுவாழ்வு முடிந்ததும் "சரியாகிவிட்டார்" என்று முத்திரை குத்துவதும் ஒரு தவறுதான். ஆடம்ஸ் 2000இல் விளையாட்டு வீரர்களுக்கென்றே ஸ்போர்ட்டிங் சான்ஸ் என்ற சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார். கிளப்புகள் செய்யாததை நோயாளி செய்ய வேண்டியிருந்தது.

அணி முழுவதையும் கேடயமாக்குவது

லிவர்பூல் சம்பவம் மைதானத்துக்குள் தொடங்கியது. ஆனாலும் கெடுத்துக்கொண்டது வெளியேதான். மான்செஸ்டர் யுனைட்டடின் பாட்ரிஸ் எவ்ராவை இனவெறியோடு பேசியதாக 2011 டிசம்பரில் லூயிஸ் சுவாரஸுக்கு எட்டு ஆட்டத் தடை. மறுநாளே விகானில், ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் லிவர்பூல் அணி மொத்தமும் சுவாரஸ் படம் போட்ட டி-ஷர்ட்டில் வந்து நின்றது. அதைப் போட மாட்டேன் என்று சொல்லும் வாய்ப்பு எந்த இளம் வீரருக்கு இருந்திருக்கும்? அன்று அதை அணிந்த ஜேமி கேரகர் 2019இல் தொலைக்காட்சியில் எவ்ராவிடம் நேரடியாக மன்னிப்புக் கேட்டார்.

முடிவை முதலில் எடுத்துவிட்டு ஆலோசனையைப் பிறகு கேட்பது

ஒரு பெண்ணுக்கு எதிரான பாலியல் வன்முறை, தாக்குதல் குற்றச்சாட்டுகளுக்கு ஆளான தன் வீரர் மேசன் கிரீன்வுட் விஷயத்தில் மான்செஸ்டர் யுனைட்டட் 2022 ஜனவரியிலேயே அவரை ஒதுக்கி வைத்தது. அது சரி. முக்கிய சாட்சிகள் விலகியதாலும் புதிய விவரங்கள் வந்ததாலும் 2023 பிப்ரவரியில் வழக்கு கைவிடப்பட்டது. அதன்பின் கிளப்பே உள்விசாரணை நடத்தியது, மாதக்கணக்கில் வாய் திறக்கவில்லை. ஆகஸ்டில் உள்ளே ஓடிய திட்டம் கசிந்தது. அவரைத் திரும்பக் கொண்டுவர ஏற்பாடு, யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்று பொதுவாழ்வில் இருப்பவர்களைப் பிரித்துப் பட்டியல் வேறு. கிளப்பின் பெண்கள் அணி வீராங்கனைகள் சிலர் அப்போது உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்காக ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கருத்தையும் கேட்கப் போகிறோம் என்றது கிளப். யாரும் கேட்காத பாரத்தை வாழ்க்கையின் மிகப் பெரிய ஆட்டத்துக்கு முந்தைய நாட்களில் அவர்கள் தலையில் வைத்தார்கள். பெண் ரசிகர்கள் வெளிப்படையாக எதிர்த்தார்கள். ஆகஸ்ட் 20 சிட்னியில் இறுதிப்போட்டி, 21 அன்று கிரீன்வுட் வெளியேறுகிறார் என்ற அறிவிப்பு. அவர் மேலிருந்த குற்றச்சாட்டு உண்மையல்ல என்றும் அதே மூச்சில் சொன்னார்கள். உண்மையல்ல என்றால் ஏன் அனுப்புகிறார்கள், அனுப்பத்தான் வேண்டுமென்றால் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று இரு தரப்பும் கோபப்பட்டது. அந்த அறையில் யாருக்கும் இது தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை.

ஆளைத் தனியே விட்டுவிடுவது

பிரென்ட்ஃபோர்டின் ஐவன் டோனி 232 பந்தய விதிமீறல்களை ஒப்புக்கொண்டார். 2023 மே மாதம் எட்டு மாதத் தடை. சூதாட்ட அடிமைத்தனம் என்று மருத்துவர் சொன்னதால் மூன்று மாதம் குறைத்தே இந்த எட்டு. முதல் நான்கு மாதம் கிளப்பில் பயிற்சி செய்யவே அனுமதி இல்லை. பொழுது போகாமல் கைபேசியே கதி என்று கிடந்தால் திரும்பவும் எதில் போய் விழுவார் என்று சொல்லத் தேவையில்லை. அந்தத் தடை கால்பந்துச் சங்கத்தின் முடிவு, கிளப் கடைசிவரை அவரை விட்டுக்கொடுக்கவில்லை.

நியூகாசிலின் சான்ட்ரோ டொனாலிக்கு பந்தயம் கட்டியதற்காக அந்த அக்டோபரில் இத்தாலியக் கால்பந்துச் சங்கம் பத்து மாதத் தடை விதித்தது. கூடவே சிகிச்சை கட்டாயம், இளைஞர்களிடம் குறைந்தது 16 முறை போய்ப் பேச வேண்டும். அணியோடு பயிற்சி செய்யத் தடையில்லை. நியூகாசிலுக்கு வந்த பிறகும் பந்தயம் கட்டியதை அவரே முன்வந்து சொன்னார். அதனால் இங்கிலாந்தில் விதித்த இரண்டு மாதத் தடை நிறுத்திவைக்கப்பட்டது. தினமும் காலையில் எழுந்து போக ஓர் இடமும் நாலு மனிதர்களும் இருந்ததுதான் பெரிய விஷயம். 2025 மார்ச்சில் நியூகாசில் லீக் கோப்பையை வென்றபோது நடுக்களத்தில் அவர் இருந்தார்.

பிரென்ட்ஃபோர்டின் ஐவன் டோனி 2024 ஜனவரி 20 அன்று கேப்டனாகத் திரும்பி, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு எதிராக ஃப்ரீ கிக்கில் கோல் போட்டார். அவர் மார்பில் பெரிய எழுத்தில் இருந்தது ஹாலிவுட்பெட்ஸ் என்ற பந்தய நிறுவனத்தின் பெயர். 2026-27 பருவத்திலிருந்து சட்டையின் முன்பக்கத்தில் இப்படிப் போடுவதில்லை என்று பிரீமியர் லீக் கிளப்புகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. சட்டைக் கைக்கு அந்த முடிவு பொருந்தாது.