அரசவால் ஈப்பிடிப்பானைப் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பளிச்சென்ற சட்டை போடாதே, சத்தமாகப் பேசாதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள். புதிதாகக் கேமரா வாங்கியவர்களோடு இந்த நீள வால் பறவையைத் தேடிக் காட்டுக்குள் போனால் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிற தவறுகள் வேறு.

குட்டை வால் என்றாலே பெண் என்று எழுதுவது

ஆணுக்கு அந்த நீள வால் வர இரண்டு மூன்று வருடம் ஆகும். அதுவரை அதுவும் செம்பழுப்பாக, குட்டை வாலோடுதான் திரியும். தொண்டையைப் பாருங்கள்: பெண்ணுக்குச் சாம்பல், இளம் ஆணுக்குக் கறுப்பு.

வெள்ளை வேறு இனம், செம்பழுப்பு வேறு இனம் என்பது

இல்லை. நீள வாலோடு வருகிற இரண்டும் ஒரே இனத்து ஆண்கள்தான்.

கூட்டுக்கு முன்னால் இலை கழிப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. மே முதல் ஜூலை வரை, தாழ்ந்த கிளை நுனியில், சுள்ளியும் நாரும் சிலந்தி வலையும் வைத்துப் பின்னிய சின்னக் கிண்ணம்தான் கூடு. ஆணும் அடைகாக்கும், அப்போது ஓரடி நீள வால் விளிம்பைத் தாண்டி ரிப்பன் மாதிரி தொங்கும். அந்தப் படத்துக்குத்தான் இத்தனை அலைச்சல். ஒரு மலையடிவார ஓடையோரம், கூட வந்த ஒருவர் பையிலிருந்து செடி வெட்டும் கத்தரியை எடுத்தார். "நாலு இலைதானே அண்ணா, குருவிக்கு என்ன ஆகிடும்?" என்றார். சண்டை போட்டேன், அவர் கேட்கவில்லை, வெட்டிவிட்டார்.

அந்த நாலு இலைதான் கூட்டுக்குக் கூரையும் மறைப்பும். அது போனால் உச்சி வெயில் நேராகக் குஞ்சு மேல் இறங்கும், காக்கைக்கும் வால்காக்கைக்கும் கூடு பளிச்சென்று தெரியும். முட்டை பொரிக்கவே இரண்டு வாரம், அப்புறம் குஞ்சு பறக்க இன்னும் பத்து நாள் போல ஆகும், அத்தனை நாளும் அந்த மறைப்பு வேண்டும். காக்கையையே விரட்டும் கரிச்சான் கூட்டுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தால் பாதுகாப்பு என்று சில சமயம் பார்த்துக் கட்டுகிற பறவை இது. அதன் கணக்கைக் கத்தரியால் கெடுக்கிறோம். அடுத்த முறை போனபோது கூடு காலி. படத்துக்கு லைக் மட்டும் குவிந்திருந்தது.

போனில் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பது

வேண்டாம்.

காலையில் மட்டும் தேடுவது

சாயங்காலம் நிழலான ஓடைக் குட்டை ஓரம் அசையாமல் உட்காருங்கள். முதலில் கேட்பது பாட்டாக இருக்காது, கரகரவென்று ஒரு 'ஸ்க்ரீக்'. உடனே எழுந்து ஓடாதீர்கள். கிளையிலிருந்து பாய்ந்து தண்ணீரைத் தொட்டுவிட்டுத் திரும்பும், இறகைக் கோதிக்கொள்ளும், மறுபடி பாயும். முதல் பாய்ச்சலைத் தவறவிட்டாலும் பெரும்பாலும் அடுத்தது கிடைக்கும்.