கறியை விட்ட பெண்ணுக்கு வட்டலில் என்ன வைப்பது?

போன வருடம் புரட்டாசி முடிந்து வந்த முதல் ஞாயிறு. ஒரு மாதம் விட்டிருந்த கறிக்குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. ஒன்பதாவது படிக்கும் என் மகள் வட்டலைத் தள்ளி வைத்துவிட்டு, "எனக்கு இனிமே கறி வேண்டாம்மா, முட்டையும் வேண்டாம்" என்றாள். சரி, அவள் விருப்பம் என்று விட்டுவிட்டேன்.

நான் செய்த தப்பு அதற்குப் பிறகுதான். கறித்துண்டை மட்டும் எடுத்துவிட்டு அதே சோறு, அதே குழம்பைப் போட்டேன். எட்டு மாதம் கழித்து, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 9.8. அந்த வாரம் வந்திருந்த அவள் அமுச்சி (என் அம்மா) ஒரே கேள்விதான் கேட்டார்: "ஏஞ்சாமி, கறி வேண்டாட்டிப் போவுது. அதுக்குப் பதுலா என்ன திங்கற?"

எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. அதற்குப் பிறகு அந்தப் பதிலைத் தேடிச் செய்து பார்த்ததைத்தான் வரிசையாக எழுதுகிறேன். இதற்கென்று கடையில் புதிதாக வாங்க எதுவும் இல்லை. கொள்ளும் ராகியும் எள்ளும் நம் வீட்டு டப்பாக்களில் இருப்பவைதான்.

படி 1: முதலில் ரத்தம் பாருங்க

சமையலை மாற்றுவதற்கு முன்னால் ஒருமுறை ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்க. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். இந்த வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை இருந்தது. கறி தின்கிற பெண்களும் அதில் உண்டு. மிகவும் குறைவாக இருந்தால் சாப்பாட்டால் மட்டும் ஏற்ற முடியாது, டாக்டர் தரும் மாத்திரையும் வேண்டும்.

படி 2: எவ்வளவு வேண்டும் என்று தெரிஞ்சுக்குங்க

13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்குப் புரதம் 43 கிராம், இரும்புச்சத்து 30 மில்லிகிராம், கால்சியம் 1000 மில்லிகிராம் வேண்டும் என்கிறது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 அட்டவணை. வளர்கிற உடம்பு, மாதாமாதம் ரத்தமும் போகிறது. இரும்புச்சத்து இவ்வளவு தேவைப்படுவது அதனால்தான்.

இந்த மூன்றில் புரதத்தைச் சைவத்திலேயே சுலபமாகக் கொடுத்துவிடலாம். கால்சியத்துக்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். இரும்புச்சத்துதான் கஷ்டம். தானியத்திலும் கீரையிலும் இருக்கும் இரும்பை உடம்பு கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்ளும். அடுத்து வரும் இரண்டு படிகளும் அதற்காகத்தான்.

படி 3: தினம் ஒரு கைப்பிடி பயறு

கொள்ளு, பச்சைப்பயிறு, தட்டப்பயறு, கொண்டைக்கடலை எதுவானாலும் சரி. ஒரு ஆளுக்குச் சுமார் 40 கிராம். நூறு கிராம் கொள்ளில் 22 கிராம் புரதம் இருக்கிறது. ஊற வைக்காமல் மட்டும் சமைக்காதீங்க. ஊறும்போதும் முளைவிடும்போதும், இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் பைட்டிக் அமிலம் குறைகிறது.

பச்சைப்பயிறு என்றால் ராத்திரி ஊறப்போட்டு, காலையில் தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் மூட்டையாகக் கட்டிக் குண்டானில் வைத்து மூடிவிடுங்க. மறுநாள் காலையில் வெள்ளையாக வால் விட்டிருக்கும். கொள்ளுக்கு இன்னும் ஒரு நாள் ஆகலாம். துணி காயாமல் இடையில் ஒருமுறை தண்ணீர் தெளித்தால் போதும். பிறகு ஆவியில் வேகவைத்துத் தாளிக்கலாம்.

முளைகட்ட நேரமில்லாத நாளில் எங்கள் வீட்டில் கொள்ளுப் பருப்பு. ராத்திரி ஊறிய கொள்ளைக் குக்கரில் ஆறு விசில் விட்டு, தண்ணீரைத் தனியே வடித்து ரசத்துக்கு வைத்துவிடுவேன். கொத்தமல்லி விதை, சீரகம், வரமிளகாய், நாலு பல் பூண்டு, ஒரு கை சின்ன வெங்காயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் எண்ணெயில் வதக்கி, வெந்த கொள்ளோடு சேர்த்துக் கொரகொரப்பாக அரைப்பேன். மையாக அரைத்தால் கூழாகிவிடும், அந்த ருசி வராது. சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து கொடுத்தால், கறி இல்லையே என்று யாரும் கேட்பதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற சொல்லை நம்பி, உடம்பு இளைக்கும் என்று கொள்ளு ரசத்தை மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடும் பெண்கள் நிறைய. புரதத்தில் பெரும்பகுதி ரசத்தில் இல்லை, அரைத்த கொள்ளுப் பருப்பில் இருக்கிறது. சூடு என்று பயப்படுகிறவர்கள் சித்திரை, வைகாசியில் பச்சைப்பயிறுக்கு மாறிக்குங்க.

அரிசிம்பருப்புச் சோறு ஆக்கும் நாளில் இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்புப் போடுங்க. நாம் வழக்கமாகப் போடும் பருப்பு ரொம்பக் கம்மி.

படி 4: பக்கத்தில் புளிப்பு, தூரத்தில் டீ

எனக்குத் தெரியாமலிருந்தது இதுதான். முருங்கைக்கீரைப் பொரியல் போட்ட கையோடு டீயும் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். டீயிலும் காபியிலும் இருக்கும் டானின் போன்ற பொருள்கள் இரும்பை உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ வேண்டாம். என் மகளின் காலை டீயை இப்போது சாயங்காலம் ஐந்தரை மணிக்குத் தள்ளிவிட்டோம்.

வைட்டமின் சி இதற்கு நேர்மாறு, இரும்பைச் சேர்த்துக்கொடுக்கும். சாப்பாட்டோடு அரைப் பெருநெல்லி, அல்லது சாப்பிட்ட கையோடு ஒரு கொய்யா. சீசனில் ஆயக்குடிக் கொய்யா சந்தைக்கு வந்துவிடும். எலுமிச்சம்பழத்தை அடுப்பை அணைத்து இறக்கிய பிறகு பிழியுங்க, கொதிக்கும்போது பிழிந்தால் அந்தச் சத்து குறைந்துபோகும்.

இரும்பு வடச்சட்டி பரணில் கிடந்தால் இறக்குங்க. தக்காளித் தொக்கு மாதிரிப் புளிப்புள்ளதை அதில் வதக்கும்போது கொஞ்சம் இரும்பு உணவில் இறங்கும். ஆக்கி முடித்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்க.

ரத்தம் ஊறும் என்று மாதுளையும் பீட்ரூட்டும் வாங்கிக் காசைக் கரைத்தவள் நான். நிறம்தான் சிவப்பு. நூறு கிராம் மாதுளையில் ஒரு மில்லிகிராம் இரும்பு கூடக் கிடையாது. கம்பில் அதைவிடப் பல மடங்கு. கம்மங்கூழ் இருக்கும் ஊரில் மாதுளையைத் தேடி அலைய வேண்டாம்.

படி 5: எலும்புக்கு ராகியும் எள்ளும்

நூறு கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். களி பிடிக்காத பெண்ணுக்கு ராகி தோசை ஊற்றுங்க, மாவைப் புளிக்கவிட்டால் இன்னும் நல்லது. வறுத்த எள்ளையும் நிலக்கடலையையும் நாட்டுச்சக்கரையோடு இடித்து உருண்டை பிடித்து வைத்தால், தினம் ஒன்று. பாலும் தயிருமாகச் சேர்த்து ஒரு நாளைக்கு அரை லிட்டர்.

அந்த அரை லிட்டருக்கு இன்னொரு காரணமும் உண்டு. வைட்டமின் பி12 கீரையிலோ பருப்பிலோ இல்லை. சைவத்தில் அதற்குப் பாலும் தயிரும் மோரும்தான் வழி. பாலையும் விட்டுவிட்ட பெண் என்றால் டாக்டரிடம் கேட்டு பி12 மாத்திரை கண்டிப்பாக எடுக்க வேண்டும்.

படி 6: பள்ளிக்கூடத்து நீல மாத்திரை

அரசுப் பள்ளிகளில் வாரம் ஒன்று தருகிறார்களே, இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை, அதைப் பெண் விழுங்குகிறாளா என்று கேளுங்க. என் மகளின் காம்பஸ் டப்பாவில் காகிதத்தில் மடித்த மூன்று மாத்திரைகள் கிடந்தன. "வயித்தப் பெரட்டுதும்மா" என்றாள். வெறும் வயிற்றில் போட்டதால் வந்த வினை. மதியம் சாப்பிட்ட பிறகு போடச் சொன்னேன், பிரட்டல் நின்றது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். பாலோடும் டீயோடும் மட்டும் போடக் கூடாது. வருடம் இரண்டு முறை தரும் பூச்சி மாத்திரையையும் விட வேண்டாம்.

படி 7: ஏன் விட்டாள் என்று கேளுங்க

இதை அதட்டாமல் கேட்க வேண்டும். என் மகள், வீட்டில் வளர்த்த கோழியை அடித்த நாளில் இருந்து முடியவில்லை என்றாள். சில பெண்கள் இளைக்க வேண்டும் என்று விடுகிறார்கள். முதலில் கறி, பிறகு ராத்திரிச் சோறு, பிறகு காலைப் பலகாரம் என்று ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போனால், மூன்று மாதம் தீட்டு வராமல் போனால், அது சைவம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. உடனே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்க.

மூன்று மாதம் மாத்திரையும் இந்தச் சாப்பாடுமாகப் போன பிறகு மறுபடி பார்த்தோம். 11.6. இன்னும் 12-ஐத் தொடவில்லை, அடுத்த பரிசோதனை தைக்குப் பிறகு. இப்போது ராத்திரி படுக்கப் போகுமுன் பயறு டப்பாவைத் திறந்து, "நாளைக்கு எதும்மா ஊறப்போடறது?" என்று கேட்பது அவள்தான்.