கிட்ஹப்ல இருந்து கோட் எடுக்குறப்போ இந்த தப்புங்கள பண்ணிடாதீங்க

போன மாங்கா சீசன்ல காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மண்டில பில் போடுற சாஃப்ட்வேர் மக்கர் பண்ணுதுன்னு கூப்பிட்டாங்க, போய் ஃபைலுங்கள திறந்து பாத்தா பாதிக்கு மேல, பலரும் எழுதின கோட போட்டு வெக்கிற கிட்ஹப் தளத்துல நான் முன்னாடியே பாத்த, எம்ஐடிங்குற அனுமதி லைசென்ஸ்ல இருக்குற ஒரு ப்ராஜெக்ட், கோட் நடுவுல குறிப்பா எழுதுற கமெண்ட்ல இருந்த எழுத்துப்பிழை கூட மாறல, ஆனா ஒவ்வொரு ஃபைல் மேலயும் இருந்த காப்பிரைட் வரிய மட்டும் அழிச்சிட்டு செஞ்சு குடுத்தவர் தன் பேர போட்டு வெச்சிருக்கார். மனசுக்கு ரொம்ப கஷ்டமா போச்சு. எம்ஐடி கேக்குறதே அது ஒண்ணுதாங்க, காப்பிரைட் வரியும் அந்த அனுமதி வாசகமும் காப்பி போற எடத்துக்கெல்லாம் கூடவே போகணும். மாத்திக்கோ, வித்து காசு பாத்துக்கோ, என் பேர மட்டும் எடுக்காதன்னு கோட் எழுதினவர் சொல்றார், அதையும் எடுத்துட்டா அப்புறம் என்ன இருக்கு?

இதெல்லாம் யாரு கேக்கப்போறான்னு நெனைக்காதீங்க. அமெரிக்காவுல ஜேக்கப்சன், காட்சர்னு ஒரு கேஸ், பொம்மை ரயில் ஓட்டுற ஓப்பன் சோர்ஸ் (கோட எல்லாருக்கும் திறந்து வெச்ச) சாஃப்ட்வேர்ல இருந்து ஃபைல எடுத்து, எழுதினவங்க பேரெல்லாம் விட்டுட்டு வித்ததுல வந்த சண்டை. 2008ல அப்பீல் கோர்ட், சும்மா குடுத்ததா இருந்தாலும் லைசென்ஸ்ல போட்ட நிபந்தனை நிபந்தனைதான், அத மீறினா காப்பிரைட் மீறலா கேஸ் நடத்தலாம்னு சொல்லிடுச்சு.

அடுத்து, தருமபுரில ஃபைனல் இயர் படிக்கிற பசங்க அதிகமா பண்றது. ரெப்போவுல, அதாவது கிட்ஹப்ல ஒரு ப்ராஜெக்ட் கோட் இருக்குற எடத்துல, லைசென்ஸ் ஃபைலே இல்ல, அப்போ ஃப்ரீதானே அண்ணான்னு கேப்பாங்க. இல்ல தம்பி, நேர்மாறு. ரோட்டோரம் வேலி இல்லாம ஒரு மாந்தோப்பு இருந்தா அதுக்கு சொந்தக்காரர் இல்லன்னா அர்த்தம்? நம்ம 1957 காப்பிரைட் சட்டத்துல 1984லயே கம்ப்யூட்டர் புரோகிராம இலக்கியப் படைப்புன்னு சேத்துட்டாங்க, எழுதின உடனே உரிமை வந்துடும், பதிவு பண்ணணும்னு கூட இல்ல. கிட்ஹப் விதிப்படி பாக்கலாம், அங்கயே ஃபோர்க் பண்ணலாம், அதாவது உங்க கணக்குல ஒரு நகல் எடுத்துக்கலாம், உங்க ஆப்ல கொண்டு போய் சேக்கணும்னா எழுதினவர கேக்கணும். அந்த ப்ராஜெக்ட் பக்கத்துலயே கேள்வி கேக்குற இஷ்யூ ஒண்ணு திறந்து, இதுக்கு எந்த லைசென்ஸ், சேத்துவிட முடியுமான்னு மரியாதையா ரெண்டு வரி எழுதுங்க. பதில் வரலன்னா அனுமதி இல்லன்னுதான் எடுத்துக்கணும், அதே வேலைய செய்யுற வேற லைப்ரரி, அதாவது ரெடிமேட் கோட் தேடுங்க.

ஜிபிஎல்னு இன்னொரு லைசென்ஸ், அதுல ரெண்டு பக்கமும் குழப்பம். விக்கவே கூடாதுன்னு சிலர் பயப்படுறாங்க, தாராளமா விக்கலாம். பேர் போட்டுட்டேன் போதும்னு சிலர் விட்டுடுறாங்க, அது பத்தாது, ஜிபிஎல் கோட் கலந்த சாஃப்ட்வேர கஸ்டமர் கைல குடுத்தா சோர்ஸும், அதாவது அதோட கோடும், அதே லைசென்ஸ்ல அவருக்கு கிடைக்கணும். உங்க கடைக்குள்ள மட்டும் ஓடுதுன்னா அந்த கடமை இல்ல. ஆனா அதோட இன்னொரு வகையான ஏஜிபிஎல்னா கவனம், ஓசூர்ல ஒரு சர்வர்ல நீங்க மாத்தின வெர்ஷன ஓட்டிட்டு, நெட் வழியா மத்தவங்கள பயன்படுத்த விட்டாலே அவங்களுக்கு சோர்ஸ் குடுத்தாகணும். தெரியாம தப்பு பண்ணி மொத தடவ நோட்டீஸ் வந்தா பதறாதீங்க, ஜிபிஎல் மூணாவது பதிப்புல 30 நாளுக்குள்ள சரி பண்ணிட்டா உரிமை திரும்ப வந்துடும்.

அப்பாச்சி 2.0ங்குற லைசென்ஸ்னா, லைசென்ஸ் ஃபைலோட நோட்டீஸ்னு தனியா ஒரு ஃபைல் இருந்தா அதையும் வெக்கணும், மாத்தின ஃபைல்ல மாத்தினேன்னு எழுதணும். புரோகிராம் சந்தேகம் கேக்குற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்து பதில்ல இருக்குற கோடும் கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ல உள்ளதுதான், லிங்க்கும் எழுதினவர் பேரும் கமெண்ட்ல போடுங்க, அதே லைசென்ஸ்ல பகிரணும்னு அதுல இருக்கறதால பெரிய துண்டா எடுக்காம, புரிஞ்சுகிட்டு நீங்களே எழுதுறது நல்லது. ஒகேனக்கல் போற வழி காட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ங்குற இலவச மேப்ப உங்க ஆப்ல போட்டீங்கன்னா மேப் ஓரத்துல அவங்க பேர் தெரியணும்.

மண்டி விஷயத்துக்கு வரேன். மொத ப்ராஜெக்ட்ல இருந்து காப்பிரைட் வரிங்கள எடுத்து திரும்ப ஒட்டி, லைசென்ஸ் ஃபைல சேத்து, சாஃப்ட்வேர்ல தனியா ஒரு பக்கம் திறந்து பேரு, வெர்ஷன், லிங்க் எல்லாம் போட்டேன். மண்டிக்காரர் பக்கத்துல நின்னு பாத்துட்டு, இவருக்கு எதாச்சும் பணம் கட்டணுமா தம்பின்னார். இல்லண்ணா, பேர் இருந்தா போதும்னேன். அப்போ கொஞ்சம் பெரிய எழுத்தா போடுன்னார்.